உள்ளே வரும் வழியை விடுங்கள், வெளியேறும் வழியைப் பாருங்கள்: பல்கலைக்கழகத்துக்குக் கற்பித்தல் மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி

டெமோவில் எல்லா மென்பொருளும் அழகாகத்தான் ஓடும். பாடத்தை ஏற்றுவது, மாணவர்களைச் சேர்ப்பது, வீடியோவை இழுத்துப் போடுவது எல்லாம் இரண்டே கிளிக்கில் முடியும். ஐந்து வருடம் கழித்து அதே பாடத்தையும் வினாக்களையும் மதிப்பெண்களையும் வெளியே எடுக்க எத்தனை கிளிக் ஆகும் என்பதை விற்பவர் தானாகக் காட்ட மாட்டார். தேர்வுக் குழு முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி அது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்து பல நாடுகளில் ஓடிய வெப்சிடி என்ற கற்பித்தல் மென்பொருளை 2006-ல் பிளாக்போர்டு நிறுவனம் வாங்கியது. 2009-ல் ஏஞ்சல் என்ற இன்னொரு கற்பித்தல் மென்பொருளும் அதே நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று இரண்டுமே இல்லை. 2020 டிசம்பர் 31-ல், பிரவுசரில் அசைபடங்களை ஓடவைத்த ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றது. அதில் செய்துவைத்த சோதனைக்கூடப் பாவனைகள் அடுத்த மாதமே பிரவுசரில் திறக்கவில்லை. கூகுளின் இணைய வெள்ளைப்பலகையான ஜாம்போர்டு 2024 முடிவோடு மூடப்பட்டது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கிடைத்த கூகுள் சேமிப்பிடம், 2021-ல் வந்த அறிவிப்பின்படி, மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 100 டெராபைட் என்ற அடிப்படை அளவுக்கு இறங்கியது. மென்பொருள் மாறுவது விபத்தல்ல. அது வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

செய்திகளைப் பிரிப்பது

கற்பித்தல் தொழில்நுட்பச் செய்திகளை மூன்று கூடையில் போடுங்கள். மூடும் தேதி, ஆதரவு முடியும் தேதி முதல் கூடை. விலை, இட வரம்பு, உரிம மாற்றம் இரண்டாவது. புது வசதிகள் மூன்றாவது. முதல் இரண்டும் வந்த அன்றே நாட்காட்டியில் ஏற வேண்டும். மூன்றாவது ஒரு செமஸ்டர் காத்திருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்க ஓபன்ஏஐ 2023 ஜனவரியில் ஒரு கருவி வெளியிட்டது; துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை நம்பி ஒழுங்கு விதி எழுதியிருந்தால், விதி இருக்கும், கருவி இருக்காது.

பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரே தாளில் ஐந்து கட்டம் போதும்: ஒப்பந்தம் முடியும் நாள், பொறுப்பாளர், தரவு எங்கே இருக்கிறது, எந்த வடிவத்தில் வெளியே வரும், கடைசியாக யாராவது உண்மையிலேயே வெளியே எடுத்துப் பார்த்த நாள். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

வெளியேறும் சோதனை

வாங்குவதற்கு முன், சோதனைக் கணக்கில் ஒரு பாடத்தை அமையுங்கள். சுத்தமான பாடம் வேண்டாம். உள்ளதிலேயே குழப்பமான பாடத்தை எடுங்கள். நாற்பது வினாக்கள், அவற்றில் பலவுள் தெரிவு, கோடிட்ட இடம், பொருத்துக, எண் மாறிக்கொண்டே வரும் சூத்திரக் கணக்கு எல்லாம் கலந்திருக்கட்டும். வினாவுக்குள் பத்துப் படங்கள், மூன்று அசைன்மென்ட், சதவீத எடை போட்ட மதிப்பெண் ஏடு, ஐந்து போலி மாணவர்கள், அவர்கள் சமர்ப்பித்த கோப்புகள் இவ்வளவும் வேண்டும்.

பிறகு இரண்டு வழியில் வெளியே எடுங்கள். ஒன்று அந்த மென்பொருளின் சொந்த பேக்கப் வடிவம். மூடில் என்ற இலவசக் கற்பித்தல் மென்பொருளில் அது எம்பிஇசட் கோப்பு. இன்னொன்று, வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே பாடத்தை மாற்ற எல்லாருக்கும் பொதுவான காமன் கார்ட்ரிட்ஜ் வடிவம். இரண்டையும் வேறொரு காலி நிறுவலில் ஏற்றிப் பாருங்கள்.

சொந்த வடிவம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொண்டுபோகும். ஆனால் அதே மென்பொருளுக்குத்தான் போகும், அதுவும் அதே பதிப்புக்கோ புதிய பதிப்புக்கோ; புதிய மூடிலில் எடுத்த பேக்கப்பைப் பழைய மூடிலில் ஏற்றப் பார்த்தால் எச்சரிக்கை வரும், பலநேரம் பாதியில் நிற்கும். காமன் கார்ட்ரிட்ஜ் எங்கும் போகும், ஆனால் மெலிந்து போகும். அதில் ஆறு வகை வினாக்களுக்குத்தான் இடம். சூத்திரக் கணக்கு அந்த ஆறில் இல்லை. மாணவர் சமர்ப்பித்ததும் மதிப்பெண்ணும் வரவே வராது. ‘இதை முடித்தால்தான் அது திறக்கும்’ போன்ற நிபந்தனைகளையும் புது இடத்தில் கையால்தான் போட வேண்டியிருக்கும்.

வினா வங்கியைத் தனியாக எக்ஸ்எம்எல் வடிவத்தில் எடுத்து வைப்பது நல்லது. ஜிஃப்ட் என்ற எளிய உரை வடிவமும் உண்டு. கையால் திருத்த வசதி, ஆனால் படங்கள் அதில் போகாது.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆசிரியர்கள் பழைய தளத்திலிருந்து படத்தை நகலெடுத்து வினாவில் ஒட்டும்போது சிலசமயம் படம் வராது, பழைய சர்வரின் முகவரி மட்டுமே உள்ளே போகும். புது இடத்தில் வினா நன்றாகவே தெரியும், ஏனென்றால் படம் இன்னும் பழைய சர்வரிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. அந்த சர்வரை அணைத்த மறுநாள் எல்லாப் படமும் உடைந்த சின்னமாகிவிடும். இதை முன்பே பிடிக்க, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதும் கோப்பு) பழைய சர்வரின் பெயரை 127.0.0.1 என்ற, உங்கள் கணினியையே குறிக்கும் முகவரிக்குத் திருப்பிவிட்டு, பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பையும் காலிசெய்து, புதுப் பாடத்தைத் திறங்கள். காணாமல்போகும் படங்கள்தான் நீங்கள் திரும்ப ஏற்ற வேண்டியவை.

மதிப்பெண், காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணையான சிஎஸ்வி கோப்பாக வரும். அதை எக்செலில் நேரடியாக இருமுறை கிளிக் செய்து திறக்காதீர்கள். தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்துகளாகலாம், பதிவெண்ணின் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல்போகும், பதினைந்துக்கு மேல் இலக்கம் இருந்தால் பதினாறாவதிலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேமித்தால் மீட்க முடியாது. தரவு மெனுவில் உரைக் கோப்பை இறக்குமதி செய்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்றும் பதிவெண் நெடுவரிசை ‘உரை’ என்றும் தேர்ந்தெடுங்கள்.

ஒப்பந்தத்தில் இதே விஷயம் மூன்று வரியாக வர வேண்டும்: முடிந்த பிறகு எத்தனை நாள் தரவு கிடைக்கும், எந்த வடிவத்தில், அழித்ததற்கு எழுத்துபூர்வ உறுதி உண்டா. வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் சேராது.

லாகினும் இணைப்புகளும்

மாணவரை அடையாளம் காணும் சாவியாக மின்னஞ்சலை வைக்க வேண்டாம். பெயர் மாறினால் மின்னஞ்சலும் மாறும். மறுநாள் அதே மாணவருக்கு இரண்டாவது கணக்கு முளைக்கும், மதிப்பெண் பழைய கணக்கிலேயே கிடக்கும். மாறாத பதிவெண்ணே சாவி. சாம்ல் என்ற தரத்தின் வழி ஒற்றை லாகின் (ஒரே பல்கலைக்கழகக் கணக்கால் எல்லா மென்பொருளுக்குள்ளும் நுழைவது) திடீரென்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றால் முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடம் விலகியிருந்தாலே அனுமதிச் சீட்டு ‘காலாவதி’ என்று நிராகரிக்கப்படும். அடுத்துப் பார்க்க வேண்டியது சான்றிதழின் காலாவதி.

வெளிக் கருவிகளை, அவற்றைக் கற்பித்தல் மென்பொருளோடு சேர்க்கும் பொதுத் தரமான எல்டிஐயின் 1.3 பதிப்பு வழியாகவே இணையுங்கள், பழைய 1.1-ஐ மட்டும் ஆதரிக்கும் கருவியை இப்போது புதிதாக வாங்குவது வீண். கருவி பாடப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு சாளரமாகத் திறக்கும்போது சஃபாரியில் மட்டும் லாகின் சுழன்றுகொண்டே இருந்தால், அந்தப் பிரவுசர் மூன்றாம் தரப்புக் குக்கீயை (வேறொரு தளம் பிரவுசரில் சேமிக்கும் லாகின் குறிப்பை) தடுக்கிறது என்று பொருள். கருவியைப் புதுத் தாவலில் திறக்கும்படி மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கொள்ளளவு

கோப்பு ஏறவில்லை என்ற புகாருக்கு ஒரே இடத்தில் விடை இருக்காது. சொந்த சர்வரில் மூடில் நடத்தினால் வரம்புகள் அடுக்கடுக்காக இருக்கும்: கோரிக்கைகளை முதலில் வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் (இயல்பில் 1 எம்பி), மூடில் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் கோப்பு வரம்பு (இயல்பில் 2 எம்பி), பிஎச்பியின் மொத்தப் படிவ வரம்பு (8 எம்பி), பிறகு தளம், பாடம், அசைன்மென்ட். இவற்றில் எது சிறியதோ அதுவே செல்லும். 413 என்ற பிழை எண் வந்தால் என்ஜின்எக்ஸைப் பாருங்கள்; பிஎச்பி வரை கோரிக்கை போகவே இல்லை.

வீடியோவுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு 1 மெகாபிட் வீதத்தில் ஒரு மணி நேரம் 450 எம்பி. இருநூறு பேர் பார்த்தால் 90 ஜிபி. பாட சர்வரிலேயே வீடியோவை வைப்பவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் தனி வீடியோ சேவைக்குத் தாங்களே போய்விடுவார்கள்.

ஆனால் சர்வரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வீடியோ இல்லை, தேர்வு. முந்நூறு பேர் சரியாகப் பத்து மணிக்கு ‘தொடங்கு’ அழுத்தும் அந்த ஒரு நிமிடம்தான் சோதனை. பிஎச்பி கோரிக்கைகளை நடத்தும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் இயல்பு அமைப்பில் ஐந்து செயல்முறைகள்தான் ஒரே நேரத்தில் ஓடும். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அழுத்துவார்கள், வரிசை இன்னும் நீளும். ஒரு செயல்முறை எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று அளந்து, பிஎச்பிக்கு ஒதுக்கிய நினைவகத்தை அதால் வகுத்து எண்ணிக்கையை உயர்த்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு என்று போட்டால் நினைவகம் தீர்ந்து டேட்டாபேஸும் சேர்ந்து விழும். செஷனை (யார் லாகின் செய்திருக்கிறார் என்ற பதிவை) நினைவகத்தில் வேகமாக ஓடும் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்புக்கு மாற்றுங்கள். முடிந்தால் பிரிவு வாரியாகப் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குங்கள். செலவே இல்லாத தீர்வு இதுதான்.

நேரம் முடிந்த விடைத்தாள் தானாகச் சமர்ப்பிக்கப்பட மூடிலில் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பின்னணி வேலை) ஒவ்வொரு நிமிடமும் ஓட வேண்டும். அது நின்றால், பிரவுசரை மூடிவிட்டுப் போன மாணவரின் தாள் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்றே காட்டும். தேர்வுக்கு முன் கிரான் கடைசியாக ஓடிய நேரத்தைப் பார்ப்பது அரை நிமிட வேலை.

முன்னோட்டமும் மாற்றமும்

முன்னோட்டம் ஒரு முழு செமஸ்டர் நடக்கட்டும், மூன்று நான்கு பாடங்கள் போதும். ஆர்வமுள்ளவர்களை மட்டும் சேர்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே அறிக்கை வரும். கணினி என்றாலே முகம் சுளிக்கும் ஒரு பேராசிரியரையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் சாவியால் மட்டும் ஒரு வினாடிவினாவைத் தொடங்கிச் சமர்ப்பித்துப் பாருங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால், திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவரும் பெரும்பாலும் அங்கேயேதான் மாட்டுவார், மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுத்த டபிள்யூசிஏஜி 2.1 ஏஏ தரச் சான்று என்ன சொன்னாலும் சரி.

மாற்றும்போது எல்லாப் பாடத்தையும் தூக்கிப் போகாதீர்கள். கடந்த இரண்டு வருடத்தில் நடத்திய பாடங்கள் மட்டும் போகட்டும். மற்றவை பேக்கப் கோப்பாக இருக்கட்டும். செமஸ்டர் நடுவில் மாற்றவே கூடாது. பழைய தளத்தை ஒரு கல்வியாண்டு வாசிக்க மட்டும் திறந்து வையுங்கள். மறுமதிப்பீட்டு மனுக்கள் அந்தக் காலத்துக்குள்தான் வரும். கடைசியாக அணைக்கும்போது முகவரியை விட்டுவிடாமல், அதைப் புதுத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். பழைய பாடத்திட்டப் பிரதிகளிலும் மாணவர்களின் புக்மார்க்குகளிலும் அந்த இணைப்பு இன்னும் சில வருடம் இருக்கும்.