பெங்களூரில் அகாடமியோடு சேர்ந்து கன்னடம்–தமிழ் வாசிப்புக் கூட்டம் நடத்துவது எப்படி?

பெங்களூரில் அகாடமி என்றால் இரண்டு அலுவலகங்கள். ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்ராவை ஒட்டிய கன்னட பவனில் இருப்பது கர்நாடக சாகித்திய அகாடமி. 1961-இல் தொடங்கிய மாநில அரசு அமைப்பு, கன்னட இலக்கியம்தான் அதன் வேலை. சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில் இருப்பது, 1954-இல் டெல்லியில் தொடங்கிய சாகித்திய அகாடமியின் மண்டல அலுவலகம். 24 மொழிகளில் இயங்கும் அமைப்பு என்பதால் தமிழும் அதன் கணக்கில் உண்டு. முன்னதற்கு எழுத வேண்டியதைப் பின்னதற்கு எழுதினால் கடிதம் அங்கேயே தூங்கிவிடும்.

துளு, கொங்கணி, கொடவ, பியாரி, அரெபாஷெ, உருது ஆகியவற்றுக்குக் கர்நாடகத்தில் தனித்தனி அகாடமிகள் இருக்கின்றன, தமிழுக்கு இல்லை. ஆகவே இங்குள்ள தமிழ் வாசகர் வட்டம் அகாடமியை அணுக வலுவான வழி மொழிபெயர்ப்புதான். 'எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும்' என்று கேட்டுப் போவதற்கும், 'இந்தக் கன்னடக் கதையைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறோம், ஆசிரியர் முன்னால் வாசிக்க விரும்புகிறோம்' என்று பிரதியோடு போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதனால் முதலில் பிரதி, பிறகு கடிதம், கடைசியில் அரங்கம். பல வட்டங்கள் அரங்கத்தை முதலில் பிடித்துவிட்டு, படிக்க என்ன இருக்கிறது என்று கடைசி வாரத்தில் தேடுகின்றன.

பிரதி

முதல் கூட்டத்துக்கு வசனங்கள், அதாவது கன்னட சிவனடியார்களின் சிறு பாடல்கள், நல்ல தேர்வு. பசவண்ணர், அக்கமகாதேவி, அல்லமப் பிரபு எல்லாரும் 12-ஆம் நூற்றாண்டு. மூலத்துக்கு உரிமைச் சிக்கல் இல்லை. பத்து வசனங்களை இரு மொழியிலும் நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய இருபது நிமிடம். கதை என்றால் 1,200 சொல்லுக்கு மேல் வேண்டாம். அதைத் தமிழில் உரக்க வாசிக்கவே 12 முதல் 14 நிமிடம் ஆகும், கன்னடத்துக்கும் அதே அளவு. அதைத் தாண்டினால் பின்வரிசை கலையத் தொடங்கும்.

வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதியவர்களிடமிருந்து தொடங்குவது இன்னும் பொருத்தம். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், டி.பி. கைலாசம், ஏ.கே. ராமானுஜன் மூவரும் அப்படிப்பட்டவர்கள். கன்னட வாசகர்களுக்கு இவர்கள் தங்கள் எழுத்தாளர்கள், தமிழர்களுக்கும் அந்நியர்கள் இல்லை. இரண்டு தரப்பும் ஒரே உரிமையோடு வந்து உட்காரும் கூட்டம் அமைவது எளிதல்ல. இவர்கள் பெயரில் அமையும்.

இங்கே பதிப்புரிமையைக் கவனியுங்கள். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். கைலாசம் 1946-இல் மறைந்தார், அவருடைய நாடகக் காட்சி ஒன்றை யாரையும் கேட்காமல் மொழிபெயர்க்கலாம். மாஸ்தி மறைந்தது 1986-இல். 2046 முடியும்வரை அவர் எழுத்தை மொழிபெயர்த்து அச்சிட வாரிசுகளின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். வாழும் எழுத்தாளர் 'தாராளமாகச் செய்யுங்கள்' என்று போனில் சொல்வது போதாது. மொழிபெயர்ப்பு உரிமை பதிப்பகத்திடம் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். இன்னொன்று: மூலம் பொதுவுடைமை ஆகிவிட்டாலும் ஏற்கெனவே வந்த தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. அதை எடுத்து நகல் போட்டு விநியோகிக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பு கன்னடத்திலிருந்து நேராக வர வேண்டும். ஆங்கில வழி வந்த வாக்கியத்தை முன்வரிசையில் இருக்கும் கன்னடக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தார்வாடப் பேச்சும் மைசூர்ப் பேச்சும் ஒரே மாதிரித் தமிழாக மாறியிருப்பதே காட்டிக்கொடுக்கும். பாவண்ணன், கே. நல்லதம்பி போன்றவர்கள் கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து, அதற்காகச் சாகித்திய அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது புதியவர்களுக்கு நல்ல பயிற்சி.

சரிபார்க்க இரண்டு பேர் தேவை. ஒருவர் கன்னட மூலத்தை உரக்க வாசிக்கட்டும். மற்றவர் தமிழ்ப் பிரதியில் பென்சிலை நகர்த்திக்கொண்டே போகட்டும். பென்சில் நிற்கும் இடமெல்லாம் ஒரு வரி விடுபட்டிருக்கும், அல்லது ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்திருக்கும். 1,200 சொல் கதைக்கு இந்த வேலை ஒரு மாலைப்பொழுதில் முடியும். இதைச் செய்யாமல் மேடை ஏறாதீர்கள்.

கடிதம்

மாநில அகாடமிக்குக் கன்னடத்திலேயே எழுதுங்கள். 'மான்யரே' என்று தொடங்கி ஒரே பக்கம், ரிஜிஸ்ட்ரார் பெயருக்கு. அகாடமியின் தலைவரையும் உறுப்பினர்களையும் அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறும்போது அந்தப் பதவிகள் சில மாதம் காலியாகக் கிடப்பதுண்டு. அப்போதும் அலுவலகம் ரிஜிஸ்ட்ராரை வைத்து நடக்கும். தலைவர் பெயருக்குப் போன கடிதம் மட்டும் காத்திருக்கும்.

சாகித்திய அகாடமியில் நடைமுறை வேறு. ஒவ்வொரு மொழிக்கும் ஒருங்கிணைப்பாளர் உட்படப் பத்துப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கிறது. நிகழ்ச்சிகள் அந்த வழியாகத்தான் முடிவாகின்றன. மண்டல அலுவலகத்துக்குக் கடிதம், தமிழ் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு பிரதி, கன்னட ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு பிரதி என மூன்றாக அனுப்புங்கள். அகாடமி ஏற்கெனவே நடத்தும் வடிவங்களில் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டால் வேலை சுலபமாகும்: ஒரு கதாசிரியர் தன் கதையை வாசித்துப் பேசுவது கதாசந்தி, கவிஞருக்கு அதுவே கவிசந்தி, பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து வாசிப்பது அஸ்மிதா.

கடிதத்தில் இவை கட்டாயம்: மாற்றுத் தேதியோடு இரண்டு தேதிகள், வாசிக்கப்போகும் பிரதியின் பெயர், வாசிப்பவர்கள், எத்தனை பேர் வருவார்கள், எழுத்தாளரின் சன்மானமும் பயணச் செலவும் யார் பொறுப்பு. கடைசி விஷயத்தைச் சங்கோஜத்தால் எழுதாமல் விட்டால் கூட்டம் முடிந்த அன்று மனக்கசப்பில் போய் நிற்கும். நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் முத்திரையும் இன்வர்டு நம்பரும் (கடிதம் வந்ததற்கான பதிவு எண்) வாங்குங்கள். பிறகு விசாரிக்க அந்த நம்பர் இல்லாமல் முடியாது.

தேதிக்கு நவம்பரைத் தவிருங்கள். கர்நாடக மாநிலம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ மாதத்தில் எந்த அரங்கமும் கிடைக்காது. மார்ச்சில் அலுவலகங்கள் கணக்கு முடிப்பதில் மூழ்கியிருக்கும். ஜூன், ஜூலை வசதி. மூன்று மாதம் முன்னால் எழுத வேண்டும். அகாடமி அரங்கம் கிடைக்காவிட்டால் அல்சூர் ஏரிக்கருகே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே நடத்தினால் கன்னட எழுத்தாளரை அழைத்துவர ஒருவரை நியமியுங்கள். அங்கே யாரையும் தெரியாத விருந்தினர் வாசலில் தனியாக நிற்கக்கூடாது.

கையில் கொடுக்கும் தாள்

இந்தக் கூட்டத்தின் உயிர் இந்தத் தாளில்தான் இருக்கிறது. பெங்களூர்த் தமிழரில் பெரியவர்கள் பலருக்குக் கன்னடம் பேச வரும், எழுத்து தெரியாது. இங்கே படித்த இளையவர்கள் பலருக்குக் கன்னடம் படிக்க வரும், தமிழ் எழுத்து தடுமாறும். இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தமிழ் என ஏ4 தாளில் எதிரெதிரே அச்சிட்டால் இருவருக்கும் பிடிமானம் கிடைக்கும். எழுத்து 12 புள்ளிக்குக் குறையக்கூடாது. கவிதை என்றால் ஐந்து வரிக்கு ஒரு முறை வரி எண் போடுங்கள்.

அச்சில் அடிக்கடி கெடுவது எழுத்துரு. கன்னடக் கோப்பு பழைய நுடி எழுத்துருவிலும், தமிழ்க் கோப்பு பாமினியிலும் வந்திருக்கலாம். உங்கள் கணினியில் சரியாகத் தெரியும், நகல் கடைக் கணினியில் வெறும் குறியீடுகளாக விழும். இரண்டையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் கன்னடத்தில் ஒத்தக்ஷரங்கள், அதாவது கீழே ஒட்டும் மெய்கள், இடம் மாறியிருக்கிறதா என்று கன்னடம் தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். பிடிஎஃப் ஆக்கியே கடைக்குக் கொடுங்கள். ஐம்பது பேரை எதிர்பார்த்தால் நாற்பது பிரதி போதும், வீட்டார் ஒரே தாளைப் பகிர்ந்துகொள்வார்கள்.

அன்றைய நாள்

ஞாயிறு காலை 10:30 முதல் 12:15 வரை. வரவேற்பு ஐந்து நிமிடம், மூலம், தமிழ், எழுத்தாளர் பேச்சு இருபது நிமிடம், உரையாடல் நாற்பது நிமிடம். சால்வையும் மாலையும் கடைசியில். முதலில் வைத்தால் வாசிப்புக்குரிய கால்மணி அதிலேயே கரையும். எப்போதும் கன்னடமே முதலில். கேட்பவர் அந்த ஓசையைக் காதில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வருவார்.

உரையாடலில் ஒருவர் எழுந்து காவிரியைப் பற்றிப் பேசத் தொடங்குவது நடக்கக்கூடியதுதான். நெறியாளர் பதற வேண்டாம். தாளில் ஒரு வரி எண்ணைச் சொல்லி, 'சார், இந்த இடத்தை நீங்கள் எப்படி வாசித்தீர்கள்?' என்று அவரிடமே கேட்டால் பேச்சு பிரதிக்குத் திரும்பிவிடும்.

முடிந்த பின் தாளில் இரண்டு பிரதியும், இரண்டு பக்கக் குறிப்பும் அகாடமிக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் சொல்லப்பட்ட திருத்தங்களை மொழிபெயர்ப்பில் அன்றைக்கே ஏற்றுங்கள். நூலாக்கும்போது முதல் பதிப்பு ஆண்டைப் பதிப்பு விவரப் பக்கத்தில் தெளிவாக அச்சிடுங்கள். சாகித்திய அகாடமியின் 50,000 ரூபாய் மொழிபெயர்ப்புப் பரிசுக்கு அந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள்: 2024-ஆம் ஆண்டுப் பரிசுக்கு 2018 முதல் 2022 வரை முதன்முதலாக வந்த நூல்கள்தான் கணக்கு. மறுபதிப்பு சேராது.