அப்பா கையில் 14 மில்லிமீட்டர்: காசநோய்த் தடுப்பு மருந்தைத் தொடங்குவது எப்படி?

அப்பா ராணுவத்தின் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். பெங்களூர் அல்சூர் பக்கம் அந்த ரெஜிமென்ட் ஆட்களுக்குத் 'தம்பி' என்றுதான் பெயர். 70 வயதிலும் அப்பா ஒரு தம்பி. போன வருடம் மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பான் என்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி ஆரம்பிக்கும் முன் காசநோய்த் தோல் பரிசோதனை (மான்டூ) எடுக்கச் சொன்னார்கள். பாசிட்டிவ் என்று வந்ததும் அப்பா தனித்தட்டு, தனி டம்ளர் எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டார். பேரனைக்கூடத் தூக்கவில்லை. வேறெந்த வீட்டிலும் ஒரு தாத்தா அப்படி ஒதுங்கி உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: அளவு சரியா என்று பாருங்கள்

முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பு கணக்கில் வராது, தடிப்பு மட்டும்தான் கணக்கு. ஒரு லேபில் சிவந்த வட்டம் முழுவதையும் அளந்து 22 என்று எழுதிவிட்டார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் டாக்டர் அன்றே மறுபடி பார்த்தார். பால்பாயின்ட் பேனாவைத் தோலின் மேல் வெளியிலிருந்து மெதுவாக நகர்த்தினார். தடிப்பின் ஓரத்தில் பேனா முட்டி நின்ற இடத்தில் ஒரு கோடு. எதிர்ப்பக்கமும் அப்படியே. கைக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்தால் 14 மி.மீ.

பொதுவாக 10 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பாசிட்டிவ். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் 5 மி.மீ. போதும்.

நோய் இல்லை என்று படி 2-இல் உறுதியானால், இதற்கு அர்த்தம், கிருமி எப்போதோ உள்ளே வந்து தூங்குகிறது என்பதுதான். தூங்கும் கிருமி பிறருக்குத் தொற்றாது. தட்டைப் பிரிக்க வேண்டாம். பாரக்ஸில் ஒட்டியதா, ரயிலில் ஒட்டியதா என்று தேடுவதிலும் பயனில்லை. இப்படி உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக எழும்பும். சர்க்கரை, டயாலிசிஸ், நுரையீரலில் படிந்த கல்தூசு, அப்பாவுக்குச் சொன்ன அந்த ஊசி, இவை அந்த வாய்ப்பைக் கூட்டும்.

படி 2: நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா என்று கேட்பார்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. காரணம் இதுதான்: நோயாகவே இருந்தால் ஆரம்பத்தில் 4 மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். தடுப்புக்குத் தருவது 1 அல்லது 2 மருந்து. நோய் இருப்பது தெரியாமல் அதைக் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

படி 3: எல்லா மாத்திரையையும், பாட்டிலையும் சொல்லுங்கள்

அப்பாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டினேன். தடுப்புக்குத் தரும் மருந்துகளில் ஒன்றான ரிஃபாபென்டின் பல மருந்துகளின் வேகத்தைக் குறைக்கும்: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள். டோஸை மாற்ற வேண்டி வரலாம்.

அப்புறம் ராணுவக் கேன்டீன் ரம். "எப்போதாவது" என்றார் அப்பா. வாரத்துக்கு 4 நாள் என்று நான்தான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் இன்னொரு தடுப்பு மருந்தான ஐசோனியாசிட் கல்லீரலைத் தாக்கலாம். மது சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். டாக்டர் கல்லீரல் ரத்தப் பரிசோதனை எழுதினார். மருந்து முடியும்வரை கோட்டா பாட்டில் வீட்டுக்கு வரவில்லை.

படி 4: எந்த மருந்து, எத்தனை நாள்

நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வழி. ஐசோனியாசிட் தினமும் 6 மாதம். இல்லையென்றால் ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வாரம். கை கால் மரத்துப் போகாமல் இருக்க பி6 வைட்டமின் கூட வரும். அரசு காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசம். விவரம் கேட்க 1800-11-6666. எது பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

அப்பாவுக்கு வாரமொரு முறை. ஞாயிறு காலை இட்லிக்குப் பிறகு என்று வைத்தோம். ஒரு வாரம் மறந்து, 2 நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டு, பழைய கிழமையிலேயே தொடரலாம். அதற்கு மேல் போனால் நினைவு வந்த அன்றே போட்டு, இனி அந்தக் கிழமைதான். எப்படியானாலும் இரண்டு டோஸ் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது.

படி 5: எதற்குப் பயப்பட வேண்டும்

சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்படாதீர்கள், அது ரிஃபாபென்டின் நிறம். கட்டங்காப்பி போலக் கறுத்தால், கண் மஞ்சளானால், சோறு பிடிக்காமல் வாந்தி வந்தால், அடுத்த டோஸைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

முடிந்த பிறகு மான்டூ மறுபடி வேண்டாம்; மருந்து முடித்தவருக்கும் அது பாசிட்டிவாகவே வரும். முடித்ததற்கான சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டர் கேட்பார். அப்பாவின் சீட்டு பென்ஷன் புத்தகத்துக்குள் இருக்கிறது, 12 ஞாயிறுகளுக்கும் அவரே டிக் போட்ட காலண்டர் தாள்களோடு.