கிட்டில் 'மாஸ்டர்' கிளையை 'மெயின்' ஆக்குவது எப்படி?

நம் ஊரில் மாஸ்டர் என்றால் பரோட்டா மாஸ்டரோ டீ மாஸ்டரோதான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் அந்தச் சொல்லோடு அடிமை முறையின் நினைவும் ஒட்டிக்கொண்டு வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் 2003-லேயே, கருவிகளில் 'மாஸ்டர்/ஸ்லேவ்' (எஜமான்/அடிமை) என்று எழுத வேண்டாமென விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' மென்பொருளில், முதன்மைக் கிளைக்கு (மாற்றங்கள் சேரும் முக்கிய வரிசைக்கு) மாஸ்டர் என்றுதான் பெயர் இருந்தது. கிட்டில் ஸ்லேவ் என்று எதுவும் இல்லையே, இது இசைத்தட்டின் மூலப்பிரதி மாதிரிதானே என்கிறார்கள் பெயர் மாற்றத்தை எதிர்ப்பவர்கள். ஆனால் கிட்டுக்கு முன் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பயன்பட்ட, இதே வகை மென்பொருளான பிட்கீப்பரின் ஆவணங்களில் இரண்டு சொல்லும் ஜோடியாகவே இருந்தன. எப்படியோ, 2020 அக்டோபர் 1 முதல் கிட் திட்டங்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புது ரெப்போ (திட்டத்தின் கோப்புத் தொகுப்பு) மெயின் கிளையோடுதான் பிறக்கிறது. பழையதை மாற்றாவிட்டால் இரண்டு பெயரும் கலந்து குழப்பும்.

கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் தேடல்: 'கிட் கிரெப் -என் மாஸ்டர்'. பழைய பெயர் இருக்கும் கோப்பும் வரி எண்ணும் வரும். எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். 'வெப்மாஸ்டர்' கூட 'வெப்மெயின்' ஆகிவிடும். கிளையைக் குறிக்கும் வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கிட்ஹப்பில் செட்டிங்ஸ் பக்கத்தில் 'டீஃபால்ட் பிராஞ்ச்' பகுதிக்குப் போய்ப் பென்சில் படத்தை அழுத்தி 'மெயின்' என்று கொடுங்கள். பக்கத்திலுள்ள இரட்டை அம்பு வேறு வேலைக்கு: அது பெயரை மாற்றாது, வேறொரு கிளையை முதன்மையாக்கும். திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளையும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) கிளைப் பாதுகாப்பு விதிகளையும் கிட்ஹப்பே நகர்த்திவிடும். 'மெயின்/டெஸ்ட்' போன்ற பெயரில் கிளை ஏற்கெனவே இருந்தால் மாற்றம் நடக்காது. கிட் அதை ஃபோல்டர் போலக் கணக்கில் கொள்ளும். அதன் பெயரை முதலில் மாற்றுங்கள்.

3. உங்கள் கணினியில் இந்த நான்கையும் வரிசையாக:

கிட் பிராஞ்ச் -எம் மாஸ்டர் மெயின்
கிட் ஃபெட்ச் ஆரிஜின்
கிட் பிராஞ்ச் -யு ஆரிஜின்/மெயின் மெயின்
கிட் ரிமோட் செட்-ஹெட் ஆரிஜின் -ஏ

குழுவில் ஒவ்வொருவரும் இதைச் செய்தாக வேண்டும். ஒருவர் மறந்துபோய் 'கிட் புஷ் ஆரிஜின் மாஸ்டர்' என்று அடித்துத் தன் மாற்றங்களை அனுப்பினால் போதும், செத்த கிளை சர்வரில் மறுபடி உயிர்பெறும். பாதிப் பேர் அதிலும் பாதிப் பேர் இதிலும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

4. இனி முதல் படியில் குறித்த வரிகள். அதிகம் கோட்டை விடுவது, சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பில்தான். 'மாஸ்டரில் புஷ் ஆனால் ஓடு' என்று அதில் இருந்தால், பெயர் மாறியபின் பிழைச் செய்தி வராது. சோதனை ஓடாமலே கிடக்கும். பச்சை டிக்கும் இல்லை, சிவப்புக் குறியும் இல்லை என்றால் அங்கே பாருங்கள். கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் நேரடியாகக் காட்டும் 'ரா' கோப்பு இணைப்புகளும் புதுப் பெயருக்குத் திருப்பிவிடப்படாது. கையால் திருத்த வேண்டும்.

5. அடுத்த ரெப்போவில் இந்த வேலை வராமலிருக்க: 'கிட் கான்ஃபிக் --குளோபல் இனிட்.டீஃபால்ட்பிராஞ்ச் மெயின்'. இதற்கு கிட் 2.28 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பழைய பதிப்பு இந்த அமைப்பைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு மாஸ்டரையே உருவாக்கும். 'கிட் --வெர்ஷன்' அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.