டி டிரைவில் போட்டால் போதுமா?

போன மாரியில் ஓர் ஆசிரியை அக்கா சொப்பிங் பைக்குள் லப்டொப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கணினிக் கடைக்கு வந்தார். ஓன் பண்ணினால் உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம். ஹார்ட் டிஸ்க்கின் தகட்டை வாசிக்கும் ஹெட் தடுமாறுகிறது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "பேக்கப் இருக்கா அக்கா, வேற பிரதி ஏதும்?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் டி டிரைவிலதானே போட்டு வைச்சனான், தம்பி."

இந்தப் பதிலைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. சி, டி என்று திரையில் இரண்டாகக் காட்டினாலும் பெரும்பாலான லப்டொப்புகளுக்குள் இருப்பது ஒரே டிஸ்க்தான். ஒரே வீட்டை நடுவில் தட்டி வைத்து இரண்டு அறையாக்கியது போல. விண்டோஸை மறுபடி போடும்போது டி டிரைவில் உள்ளவை தப்பும். இந்த நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. டிஸ்க்கே பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அக்கா இன்னொன்றும் செய்திருந்தார். சிலவேளை வரும் என்று இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப ஓன் பண்ணிப் பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். டிஸ்க் சுழலச் சுழல, பழுதான ஹெட் தகட்டைக் கீறக்கூடும். கீறிய இடத்தில் இருந்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. கடையில் யாராவது டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்றாலும் விடாதீர்கள். அதைத் தூசியே இல்லாத அறையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். புதிய லப்டொப்புகளில் இருக்கும், சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி இந்த விஷயத்தில் இன்னும் மோசம். பழுதானால் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஒரே நாளில் போய்விடும். அதில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் அநேகமாக நடக்காது.

அடுத்த தவறு, பேக்கப் டிஸ்க்கை லப்டொப் பைக்குள்ளேயே வைப்பது. பை களவு போனால் இரண்டும் போகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் வந்ததை நாங்கள் பார்த்தவர்கள். தண்ணீர் மேசை லாச்சிக்குள் வரும்போது எது அசல், எது பிரதி என்று பார்ப்பதில்லை.

2009-இல், போரின் கடைசி நாட்களில், எங்கள் வீட்டு அல்பம் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் கைவிட்டுப் போனது. பையில் அரிசியும் அடையாள அட்டைகளும் இருந்தன. அல்பம் பாரம் என்று அம்மா அதை யாரோ ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்தார். அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. சில வருடம் கழித்துக் கனடாவிலிருந்து சித்தி ஒரு கலியாணப் படம் அனுப்பினார். எண்பதுகளின் கடைசியில் அம்மா கடிதத்தோடு வைத்து அவருக்கு அனுப்பிய படம் அது. பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து அப்படியே இருந்தது. வன்னியில் பல வீடுகளின் சுவரில் தொங்கும் பழைய படங்கள் இப்படி வெளிநாட்டு அல்பங்களிலிருந்து திரும்பி வந்தவைதான். பேக்கப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று கணினிக்காரர் சொல்லும் விதியில், வேறு இடம் என்ற அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பேக்கப் டிஸ்க்கை எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருப்பவர்களும் உண்டு. ஐப்பசி இடி மின்னலில் இரண்டும் ஒன்றாகக் கருகலாம். 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய 'வன்னாக்ரை' போன்ற கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். பிரதி எடுத்ததும் கழற்றி வையுங்கள். கொமினிகேசன் கடைக்குப் பிரின்ட் எடுக்கக் கொண்டுபோகும் பென் டிரைவையும் பேக்கப் என்று நம்பாதீர்கள். அது ஊரில் உள்ள எல்லா வைரஸையும் சந்தித்துவிட்டு வருகிற சாமான்.

சரி, கூகுளில் ஏற்றிவிட்டால்? நல்லதுதான், 15 ஜிபி வரை இலவசம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. போன் வாங்கும்போது கடைப் பொடியனே ஒரு கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவான். பாஸ்வேர்ட் அவனுக்கும் நினைவில்லை, வாங்கியவருக்கும் தெரியாது. போன் கிணற்றுக்குள் விழுந்த அன்றுதான் அது தெரியவரும். படங்கள் கூகுளில் பத்திரமாக இருக்கும், உள்ளே போக வழி இருக்காது. இன்றைக்கே உங்கள் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி இருக்கும் இடத்தில் வையுங்கள். விண்டோஸ் 11 லப்டொப் என்றால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியையும் பார்த்து எழுதுங்கள். மதர்போர்ட் மாற்றினால் அது அந்தச் சாவியைக் கேட்கலாம்.

இன்னொன்று, கூகுள் டிரைவோடு இணைத்த ஃபோல்டரில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை.

எடுத்த பிரதியைத் திறந்தே பார்க்காமல் விடுவதும் தவறுதான். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். குறிப்பாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தவற்றை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பத்து வருடக் கடிதமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருவையும் பேக்கப்போடு சேர்த்துப் போடுங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? எத்தனை நாள் வேலையைத் திரும்பச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்கிறதோ, அவ்வளவு நாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறோமே, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்காவின் டிஸ்க்கிலிருந்து எதுவும் வரவில்லை. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பிள்ளைகளின் விடைத்தாள்களை வாங்கித் திரும்பப் பதிந்தார். இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். ஒன்று வவுனியாவில் தங்கை வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை மற்றதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். திரும்பும்போது அங்கே இருந்தது வருகிறது.