மலைநாட்டு வீட்டுச் சுவரின் வெடிப்பைச் சரிசெய்தல்

மலைநாட்டில் பல வீடுகள், சரிவை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கத்தில் கொட்டிச் சமப்படுத்திய நிலத்தில் கட்டப்பட்டவை. கொட்டிய மண் மழைக்குச் சற்று அமிழ்ந்தாலும் சுவர் வெடிக்கும். ஆகவே சீமெந்தைக் குழைப்பதற்கு முன், வெடிப்பு நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் திகதி எழுதி, நடுவில் அதன் அகலத்தையும் குறித்துவிட்டு, ஒரு மழைக்காலம் கழியும் வரை கவனியுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினாலோ, 5 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றாலோ, புளொக் கற்களின் இணைப்பு வழியே படிபடியாக ஏறினாலோ, கதவுகள் நிலையில் இறுகினாலோ, பூசி மறைப்பதில் பயனில்லை, பொறியியலாளரிடம் காட்டுங்கள். கொங்கிறீற்றுத் தூணில் துருக்கறையோடு தோன்றும் வெடிப்புக்கும் இதுவே பொருந்தும். முற்றத்திலும் நிலம் பிளந்து, புதிதாக ஊற்றுக் கசிந்து, மரங்கள் சாய்ந்திருந்தால் அது மண்சரிவின் அறிகுறி. 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு குடியிருப்புகளைப் புதைத்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கோ அறிவியுங்கள்.

வளராத வெடிப்பை நீங்களே அடைக்கலாம். மயிரிழை போன்றதாயின், சுரண்டித் துடைத்து, ஹார்ட்வெயார் கடையில் விற்கும் வோல் ஃபில்லரைத் தகட்டால் அழுத்தித் தேய்த்தாலே போதும்.

அதைவிட அகலமானதற்கு, மழையில்லாத சில நாட்களைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அணிந்து, உளியாலும் சுத்தியலாலும் வெடிப்பை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டித் திறவுங்கள். அருகிலுள்ள பூச்சைத் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால், அது சுவரை விட்டுக் கழன்றுவிட்டது. அந்தப் பகுதியையும் பெயர்த்தெடுங்கள். பின்னர் கம்பித் தூரிகையால் தூசியைப் போக்கி, தண்ணீர் தெளியுங்கள். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், நீர் வழியக் கூடாது. உலர்ந்த சுவர் கலவையின் நீரை உறிஞ்சிவிடுவதால் புதுப்பூச்சு ஒட்டாமல் போகும். பலர் அவசரப்பட்டு விட்டுவிடும் படி இதுதான்.

ஒரு பேணி சீமெந்துக்கு மூன்று பேணி அரித்த மணல் என்ற அளவில் கலந்து, நீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கலவையைக் கையுறையணிந்த கையில் பிடித்து இறுக்கினால், உருண்டை உடையாமல் விரற்தடம் பதிய வேண்டும். விரலிடுக்கில் நீர் ஒழுகினால் கலவை இளகிவிட்டது, காய்கையில் சுருங்கி மீண்டும் வெடிக்கும். வெட்டிய பள்ளத்தில் சீமெந்துப் பாலை (சீமெந்தை நீரில் கரைத்த குழம்பு) தடவி, அது காய்வதற்குள் கலவையைக் கரண்டியால் அழுத்தித் திணித்து மட்டப்படுத்துங்கள். தூணும் புளொக் சுவரும் சேரும் இடமாயின், பூச்சுக்குள் கோழிவலைத் துண்டொன்றை இரு பக்கமும் படிய வைத்து ஆணியடிப்பது நல்லது.

குளிரில் சீமெந்து மெதுவாகவே இறுகும். நுவரெலியாப் பக்கத்தில் பனி கொட்டும் இரவுகளில் சாக்கால் மூடிவையுங்கள். ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் காத்து, 28 நாட்கள் கழிந்து, சுவர் நன்கு உலர்ந்த பின்பே பெயின்ட் பூசுங்கள்.