இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோருக்கு ஓய்வு: கவுன்சிலிடம் கேட்பது எப்படி?

இரவு முழுக்க விழித்திருந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, காலையில் வேலைக்கும் போகிற பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். சில மணி நேரமாவது வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, உங்கள் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் ஏற்பாடு செய்து தரும். அதற்கு இங்கே ‘ஷார்ட் பிரேக்ஸ்’ என்று பெயர். தெரிந்தும் கேட்காதவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "சோஷியல் சர்வீசஸ் (கவுன்சிலின் சமூக நலப் பிரிவு) உள்ளே வந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்."

இந்தப் பயத்தை முதலில் பேசிவிடலாம். 1989ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எல்லோரையும் உதவி தேவைப்படும் பிள்ளைகளாகவே கணக்கில் எடுக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் விசாரிப்பது 47ஆம் பிரிவின் கீழ். அது வேறு வேலை. நீங்கள் கேட்கப்போவது 17ஆம் பிரிவின் கீழ் வரும் உதவியை.

சரி, எங்கே தொடங்குவது?

1. லோக்கல் ஆஃபரைப் பாருங்கள்

2014ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் ஆக்ட் சட்டப்படி ஒவ்வொரு கவுன்சிலும் ‘லோக்கல் ஆஃபர்’ என்ற இணையப் பக்கம் வைத்திருக்க வேண்டும். உங்கள் கவுன்சிலின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் ‘ஷார்ட் பிரேக்ஸ் ஸ்டேட்மென்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். என்னென்ன சேவைகள், யாருக்குக் கிடைக்கும் என்பதை அதில் எழுதியிருப்பார்கள். சனிக்கிழமை கிளப், விடுமுறைக் கால வகுப்பு போன்ற சிலவற்றை, உங்கள் தேவைகளைக் கவுன்சில் ஆராயும் மதிப்பீடு இல்லாமலே பதிவு செய்ய முடியும்.

2. இரண்டு வாரம் டயரி எழுதுங்கள்

இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், குளிப்பாட்ட எவ்வளவு நேரம் ஆனது, யார் தூக்கினார்கள், அந்த நேரத்தில் மற்றப் பிள்ளை என்ன செய்தது, உங்கள் முதுகு எப்படி இருக்கிறது. தமிழில் எழுதினாலும் போதும். பிள்ளைக்கு 16 வயதுக்குள் என்றால், டிஎல்ஏ (மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான அரசு உதவித்தொகை) படிவத்தை நிரப்பவும் இதே டயரி கைகொடுக்கும்.

3. மின்னஞ்சலில் கேளுங்கள்

தொலைபேசியில் கேட்டால் பதிவு இருக்காது. கவுன்சிலின் குழந்தைகள் சேவைப் பிரிவுக்கோ, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் குழுவுக்கோ எழுதுங்கள். இரண்டு மதிப்பீடுகளைக் கேட்க வேண்டும்: 17ஆம் பிரிவின் கீழ் பிள்ளையின் தேவைகளுக்கு ஒன்று, பெற்றோராகிய உங்கள் தேவைகளுக்கு ஒன்று. இரண்டாவதைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

அரசின் வழிகாட்டுதல்படி ஒரு வேலை நாளுக்குள் அடுத்தது என்ன என்று கவுன்சில் முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டை முடிக்க அதிகபட்சம் 45 வேலை நாட்கள். ஆட்டிசம் போன்றவற்றுக்கு மருத்துவ உறுதிச் சான்று இன்னும் வரவில்லை என்பதற்காக மட்டும் மதிப்பீட்டை மறுக்கக் கூடாது.

4. மதிப்பீட்டு நாளில்

முழு விஷயமும் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. மதிப்பீடு செய்ய கவுன்சிலின் சோஷியல் வொர்க்கர் வருகிறார் என்றதும் வீட்டைச் சுத்தம் செய்து, தேநீர் கொடுத்து, "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று சொல்வது நம் வழக்கம். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போவார். நல்ல நாளைப் பற்றிச் சொல்லாதீர்கள். மிக மோசமான நாளைச் சொல்லுங்கள். டயரியைக் கையில் கொடுங்கள். தூக்கமில்லை, அழுகை வருகிறது, வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன் என்றால் அதையும் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"நீங்கள்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்களே" என்று சொல்லி மறுக்கப் பார்த்தால், 2011ஆம் ஆண்டின் ஷார்ட் பிரேக்ஸ் விதிமுறைகளைக் குறிப்பிடுங்கள். ஓய்வில்லாவிட்டால் பராமரிப்பைத் தொடரவே முடியாதவர்களை மட்டுமல்ல, ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பராமரிக்கக்கூடியவர்களையும் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அவை சொல்கின்றன. பகல் நேரப் பராமரிப்பு, இரவுத் தங்கல், மாலை, வார இறுதி, பள்ளி விடுமுறை எல்லாம் அந்த விதிமுறைகளில் இருக்கின்றன.

5. சேவையா, பணமா?

உதவி உறுதியானதும், கவுன்சிலே ஆளை அனுப்பலாம். அல்லது ‘டைரக்ட் பேமென்ட்’ வாங்கி நீங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். தமிழ் பேசும் ஒருவர் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்றால் இரண்டாவதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ரசீதுகளைச் சேர்த்துவைக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் வாழும் உறவினருக்கு அந்தப் பணத்தைச் சம்பளமாகக் கொடுக்கப் பொதுவாக அனுமதியில்லை. அரசு உதவித்தொகைகளைக் கணக்கிடும்போது இதை உங்கள் வருமானமாகச் சேர்க்க மாட்டார்கள்.

வீசாவில் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகைகள்) கூடாது என்று இருப்பவர்கள் டிஎல்ஏ, கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) கேட்கும் முன் ஆலோசனை பெறுங்கள். 17ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் தரும் உதவி பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் இல்லை.

6. மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் கவுன்சிலிலேயே முறைப்படி புகார் கொடுங்கள். அங்கும் சரியாகவில்லை என்றால் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார்; கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை தெரியவந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். கடிதம் எழுதத் தடுமாறுபவர்களுக்காக செரிப்ரா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களை இலவசமாகத் தருகிறது. உங்கள் விவரங்களை நிரப்பி அனுப்பலாம்.