லீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில் ஷோரூமில் செய்யக் கூடாதவை

வண்டியைக் கொடுத்து மூன்றாவது வாரம். வீட்டில் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாங்குநேரி டோல்கேட்டில் என் ஃபாஸ்டேகில் இருந்து பணம் எடுத்ததாகப் போனில் செய்தி வந்தது. வண்டியை ஒப்படைத்த ஷோரூமைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டெஸ்ட் டிரைவுக்கு எடுத்திருப்பாங்க சார்" என்றார்கள். நாகர்கோவிலில் இருந்து நாங்குநேரி வரைக்கும் டெஸ்ட் டிரைவ்! போன தொகை பெரிதில்லை. அந்த வண்டி வழியில் யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் சோறு இறங்கவில்லை.

நாலு வருட லீஸை முடித்ததில் நான் செய்த தவறு ஃபாஸ்டேகை மூடாமல் விட்டது ஒன்றுதான் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். குமரி மாவட்டத்தில் இருந்து திருவனந்தபுரத்து ஐடி வளாகமான டெக்னோபார்க்குக்குத் தினமும் போய் வருகிறவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்துவிட்டவர்கள் எனப் பலரிடம் சம்பளத்தோடு சேர்த்துக் கம்பெனி எடுத்துக் கொடுத்த லீஸ் வண்டி இருக்கிறது. எடுக்கும்போது எல்லோரும் மாதத் தொகையை மட்டும் பார்க்கிறோம். முடிகிறபோது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. ஷோரூம்காரர் மட்டும்தான் சிரித்த முகத்தோடு முன்னால் நிற்கிறார்.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. நமக்குப் பாட்டம், அதாவது குத்தகை, என்ற சொல் புதிதில்லை. தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு எடுத்தவர், காலம் முடிந்தால் தோப்புக்குச் சொந்தக்காரரிடம் போய்க் கணக்குத் தீர்ப்பார். தேங்காய் வியாபாரியிடம் போய்த் தோப்பை ஒப்படைக்க மாட்டார். லீஸ் வண்டியும் அப்படித்தான். ஆர்சியில் பெயர் பெரும்பாலும் லீஸ் கம்பெனிக்கு. ஒப்பந்தம் அவர்களுக்கும் உங்கள் வேலைக் கம்பெனிக்கும், அதன் வழியாக உங்களுக்கும். ஷோரூம் இந்தக் கணக்கில் மூன்றாம் ஆள். அவர்களுக்குப் புது வண்டி விற்க வேண்டும், முடிந்தால் பழையதை மலிவாக எடுக்க வேண்டும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அது அவர்கள் தொழில். ஆனால் "லீஸ் முடியப் போகுதா சார்? வண்டிய இங்க விட்டுருங்க, கம்பெனிகிட்ட நாங்க பேசிக்கிடுதோம், எக்ஸேஞ்ச் போனஸ் வேற தாறோம்" என்று சொன்னதும் சாவியை நீட்டுவதுதான் பிழை. நான் நீட்டினேன்.

அந்தப் பேச்சுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தம் போடும் அன்றே, காலம் முடிந்ததும் வண்டியை என்ன விலைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலும் ஒரு தொகை எழுதியிருப்பார்கள். ரெசிடுவல் என்பது அதுதான். அது 3,60,000 என்று வைப்போம். அதே வண்டி இன்றைக்குச் சந்தையில் 5,10,000 போகும் என்றால், நடுவில் இருக்கும் 1,50,000 யாருக்கு? நீங்கள் வாங்கி விற்றால் உங்களுக்கு. கேள்வி கேட்காமல் ஷோரூமில் விட்டுவிட்டால், அவர்கள் லீஸ் கம்பெனிக்கு 3,60,000 கட்டிவிட்டு உங்களுக்கு 30,000 போனஸ் தருவார்கள். பழைய வண்டியோடு வருகிற எவருக்கும் கிடைக்கிற போனஸ்தான் அது. மீதி 1,20,000 அவர்கள் பக்கம். இதைக் கேட்டால் "மார்க்கெட் டல்லு சார்" என்பார்கள். எந்த வருடமும் மார்க்கெட் டல்லாகத்தான் இருக்கிறது, நாம் விற்கப் போகும்போது.

அதனால் லீஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே லீஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு முடிவுக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். ரெசிடுவல் எவ்வளவு, அதில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, டெபாசிட் எப்போது திரும்பும், நான்தான் வாங்க வேண்டுமா அல்லது நான் சொல்லும் இன்னொருவர் பெயருக்கும் தருவீர்களா. இந்த நாலு கேள்வி போதும். ஜிஎஸ்டி கேள்வியை விட்டுவிடாதீர்கள். பழைய வண்டியை லீஸ் கம்பெனி போன்ற பதிவு பெற்ற நிறுவனம் விற்றால், 2025 ஜனவரியில் இருந்து லாபப் பகுதிக்கு மட்டும் 18 சதவீதம் வரி. வண்டி வாங்கியபோது அவர்கள் கட்டிய ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டிருந்தால் அந்தச் சலுகையே கிடையாது, முழு விலைக்கும் வரி வரும். அதுவரை மலிவாகத் தெரிந்த ரெசிடுவல் அப்போது மலிவாக இருக்காது. சந்தை விலை ரெசிடுவலுக்குக் கீழே இருந்தால், பின்னால் வரும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டிவந்த வண்டி என்ற பாசத்துக்கு ஒரு லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

சந்தை விலை தெரிந்துகொள்ள ஒரே இடத்தில் கேட்பதும் பிழைதான். நாகர்கோவிலில் இரண்டு இடம், திருவனந்தபுரத்தில் ஒரு இடம், ஆன்லைனில் ஒன்று என்று கேளுங்கள். நம் மாவட்டத்துக்கு இதில் தனி விஷயம் உண்டு. டெக்னோபார்க் ஆட்களின் லீஸ் வண்டி கேரளப் பதிவில் இருக்கலாம், பெங்களூர்க் கம்பெனியின் வண்டி கேஏ நம்பரில் இருக்கலாம். கேரள வண்டியைத் தமிழ்நாட்டில் வாங்குகிறவர் அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று எடுத்து, இங்கே சாலை வரி கட்டி, டிஎன்-74 அல்லது டிஎன்-75 நம்பர் வாங்க வேண்டும். அந்தச் செலவை அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். அதே வண்டிக்குக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அந்தக் கழிவு இல்லை. நான் நாகர்கோவிலில் மட்டும் விசாரித்துவிட்டு, இவ்வளவுதான் போகும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வண்டியை நீங்களே வைத்துக்கொள்வது என்றால், நம்பரை அப்படியே விட்டு மார்த்தாண்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேறு மாநிலப் பதிவு வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியவர் அப்போதைய பதிவு உரிமையாளரான லீஸ் கம்பெனி. அந்தப் பணம் வந்தால் யாருக்கு என்பதை வாங்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் இருந்து டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம் ஒரு வழிக்கு 50 கிலோமீட்டருக்குக் குறையாது. போய்வர 100. மாதம் 22 நாள் வேலை என்றால் வருடத்துக்கு 26,400. ஞாயிற்றுக்கிழமை முட்டம் கடற்கரை, கல்யாண வீடு எதையும் இதில் சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 20,000 வரைதான் ஓட்டலாம் என்று எழுதியிருந்தால் நாலு வருடத்தில் 25,600 கிலோமீட்டர் கூடுதல். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று வைத்தாலும் 1,53,600 ரூபாய். கடைசி மாதத்தில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவதால் இது பெரிதாகக் குறையாது. இந்தக் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் வரும், நீங்களே வாங்கினால் வராது. உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி என்று அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சில சமயம் வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதையே அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

ஷோரூமில் இதற்கு ஒரு மருந்து வைத்திருப்பார்கள். "பாக்கியைப் புது வண்டி லோன்ல சேத்துருவோம் சார், மாசம் மூவாயிரம்தான் கூடும்." ஒன்றரை லட்சத்தைப் 10 சதவீதத்தில் 5 வருடத்துக்குச் சேர்த்தால் மாதம் சுமார் 3,190, மொத்தம் 1,91,000 ரூபாய்க்கு மேல். வீட்டில் இல்லாத வண்டிக்கு 41,000 ரூபாய் வட்டி.

அடுத்தது காயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வண்டிக்கு வருகிற காயம் வேறு ஊரில் வராது. என் வண்டியின் கூரையில் தேங்காய் விழுந்த பள்ளம் ஒன்று இருந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை; எங்கள் தெருவில் தேங்காய் விழாத வண்டி எது? பார்க்க வந்த பையன் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, கூரை முழுவதற்கும் டிங்கரிங், பெயின்டிங் என்று எழுதிவிட்டான். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளுக்கு அடிப்பாகம் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து வழியில் ஓடினால் இரண்டு பக்கமும் கொப்பு உரசிய கோடு. இவற்றில் எது சாதாரணத் தேய்மானம், எது காயம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வண்டியைக் கழுவி, நல்ல வெயிலில் நீங்களே பாருங்கள்.

சரிசெய்ய வேண்டியதை இன்சூரன்ஸ் இருக்கும்போதே செய்வது நல்லது. ஆனால் நாலு வருடக் கீறலை எல்லாம் ஒரே விபத்து என்று எழுதித் தருகிறோம் என ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது பொய்க் கிளைம், சர்வேயர் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு நிகழ்வும் தனிக் கிளைம்தான். 1500 சிசி வரையுள்ள காரில் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நீங்கள் போட வேண்டும். சின்ன நசுங்கலுக்குக் கிளைமைவிட வெளியே நல்ல டிங்கர் கடையில் கொடுப்பதே லாபம். திருப்பிக் கொடுக்கும் இடத்தில் போடும் பில்லைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. "உங்க நோ கிளைம் போனஸ் 45 சதவீதத்தைப் புது வண்டிக்கு மாத்தித் தாறோம்" என்று விற்பனைப் பையன் சொல்வான். கிளைம் போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதில்லை, பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு உரியது. லீஸ் வண்டியில் பாலிசி பெரும்பாலும் லீஸ் கம்பெனி பெயரில் இருக்கும். நீங்கள் நாலு வருடம் ஒழுங்காக ஓட்டியதற்கு உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. புது வண்டி பட்ஜெட்டில் அந்தத் தள்ளுபடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காகிதம்தான் எல்லாவற்றிலும் பெரிது. வண்டியை நீங்கள் வாங்கி, உங்கள் பெயருக்கு ஆர்சி வந்தபின் ஷோரூமில் எக்ஸேஞ்ச் போடுகிறீர்கள் என்றால், பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில், வாங்குகிறவர் பெயர் எழுதாமலே, கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். வண்டியை விற்றுவிட்டாலும் ஆர்சியில் பெயர் மாறாத வரைக்கும் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதற்கு இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். நீங்கள் 29சி ஃபாரம் வழியாக இன்ன டீலரிடம் வண்டியை ஒப்படைத்தேன் என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் தெரிவித்துவிட்டால், அதன்பின் வண்டிக்குப் பொறுப்பு அவர். டெஸ்ட் டிரைவ், சர்வீஸ் மாதிரி சில வேலைக்குத்தான் அவர் வண்டியை ரோட்டில் எடுக்கலாம், ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எனக்கு இது தெரிந்திருந்தால் நாங்குநேரிக்குப் போன ஓட்டத்தின் பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பேன்.

வாங்காமல் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால், இந்த ஷோரூமில் ஒப்படைக்கலாம் என்று லீஸ் கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் எங்கேயும் விடாதீர்கள். கம்பெனி பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் வரை, ஒப்பந்தப்படி எல்லாம் உங்கள் தலையில்தான். ஒப்படைக்கும்போது தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், ஸ்டெப்னி, ஜாக்கி, சாவி எண்ணிக்கை எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தோடு ஒரு காகிதம். மீட்டரையும் நாலு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகை அங்கேயே நின்று மூடுங்கள். வண்டி ஸ்கிரீனில் ஏறியிருக்கும் உங்கள் போன் நம்பர்களையும் அழித்துவிடுங்கள்.

நேரம் ஆக வேண்டாம் என்று அபராதம் பார்ப்பதையும் தள்ளிப் போடாதீர்கள். கேரளத்தில் 2023 ஜூனில் இருந்து சாலையோரக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன. பாறசாலை தாண்டி சீட் பெல்ட்டைக் கழற்றிய நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வராது, ஆர்சியில் உள்ள லீஸ் கம்பெனிக்குப் போகும். அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து டெபாசிட்டில் பிடிப்பார்கள். வண்டி நம்பரைப் போட்டு இ-செலான் பக்கத்தில் நீங்களே பார்த்து, இருந்தால் கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

லீஸ் ஆடியில் முடிந்தால் இன்னொரு இடைஞ்சல். பழையதைக் கொடுத்துவிட்டு ஆவணி ஒன்றுக்குத்தான் புதிது எடுப்பேன் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஒரு மாதத்துக்கு லீஸை நீட்டித்தால் மாதத் தொகை, இன்சூரன்ஸ் எல்லாம் திரும்பப் பேச வேண்டும். அதையும் மூன்று மாதம் முன்னாலேயே கேட்டு வையுங்கள். ஆடித் தள்ளுபடியில் புக் பண்ணிவிட்டு டெலிவரியை மட்டும் ஆவணிக்குத் தள்ளுவதற்குப் பெரும்பாலும் ஷோரூமில் மறுப்பதில்லை. தள்ளுபடி விலையைப் புக்கிங் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சாவி எண்ணிக்கை என்று மேலே எழுதினேன். எனக்கு இரண்டாவது சாவி கிடைக்கவில்லை, டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து அம்மாவின் பீரோவில், வண்டியைப் பூஜை போட நாகராஜா கோவிலுக்குக் கொண்டுபோன அன்று கட்டிய சிவப்புக் கயிறோடு அந்தச் சாவி கிடந்தது. "நீ தொலைச்சுருவேன்னு நாந்தான் எடுத்து வச்சேன் மக்கா" என்றார்.